கொலைக்குப் பிறகு அந்தக் காதல் என்ன ஆனது?

தாராவி 90 அடிச் சாலைப் பக்கம் வசிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மும்பையில் நடக்கும் ஒரு நுவார் திரைக்கதை, அதாவது இருண்ட குற்றக் கதை, எழுதியிருக்கிறேன். மனைவியும் அவள் காதலனும் சேர்ந்து கணவனை ரயிலிலிருந்து தள்ளிக் கொல்கிறார்கள். இன்சூரன்ஸ் பணத்துக்காக. கடைசியில் ஒரு இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கிறார். காதல், கொலை, துரோகம் மூன்றும் இருக்கிறது. இரவும் மழையும் நிறைய இருக்கிறது. படித்தவர்கள் எல்லாரும் இது துப்பறியும் கதை, நுவார் இல்லை என்கிறார்கள். என்னதான் குறை?"

தம்பி, நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தை இரண்டு முறை படித்தேன். நான் சினிமாத் தொழிலில் இருந்தவன் அல்ல. கோட்டைப் பகுதியில் ஓர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் 31 ஆண்டுகள் மரணக் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவன். மாதுங்கா அரோரா தியேட்டரில் தமிழ்ப் படங்களும், திரைப்படச் சங்கக் காட்சிகளில் பழைய வெளிநாட்டுப் படங்களும் பார்த்துப் பார்த்து வயதானவன். உங்கள் கதையில் இருக்கும் ரயில், பாலிசி, நாமினி எல்லாம் என் மேசையில் தினமும் கிடந்த காகிதங்கள். அதனால் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

உங்கள் நண்பர்கள் சொன்னது சரி. குறை மழையிலோ இரவிலோ இல்லை. கணவன் ரயிலிலிருந்து விழும் காட்சி முடிந்ததும் உங்கள் கதை அந்த இருவரையும் விட்டுவிட்டு இன்ஸ்பெக்டரோடு நடக்க ஆரம்பிக்கிறது. அடுத்து அவர்களைப் பார்ப்பது கைது செய்யும்போதுதான். நடுவில் அவர்கள் என்ன ஆனார்கள்? எங்கே சந்தித்துக்கொண்டார்கள்? சந்தித்தபோது என்ன பேசினார்கள்? நுவார் என்பது அந்த விடுபட்ட பகுதிதான். கொலை செய்தது யார் என்று தேடினால் துப்பறியும் கதை. கொலைக்குப் பிறகு அந்தக் காதல் என்ன ஆனது என்று தேடினால் நுவார்.

பெயர் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்தில் பிரான்ஸுக்கு அமெரிக்கப் படங்கள் வரவில்லை. 1946-இல் மொத்தமாக வந்தபோது, இவை முன்பு பார்த்த ஹாலிவுட் படங்களைப் போல இல்லை, நிறமே கறுத்துவிட்டதே என்று பாரிஸ் விமர்சகர்கள் வியந்தார்கள். நீனோ ஃப்ராங்க் என்பவர் 'ஃபிலிம் நுவார்', அதாவது கறுப்புப் படம், என்று எழுதினார். அந்தப் படங்களை எடுத்தவர்கள் 'நாங்கள் நுவார் எடுக்கிறோம்' என்று நினைத்து எடுக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நுவார் எடுக்கப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள்தான் தொப்பியையும் சிகரெட் புகையையும் தேடி அலைகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் வந்த படங்களில் ஒன்று 1944-இல் பில்லி வைல்டர் எடுத்த 'டபுள் இண்டெம்னிட்டி'. உங்கள் கதைக்குப் பாட்டன் அதுதான். நீங்கள் பார்த்தீர்களோ இல்லையோ, உங்கள் கதை அதன் வாரிசு. ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஒரு மனைவி, கணவனுக்கே தெரியாமல் அவன் பெயரில் எடுத்த விபத்துப் பாலிசி. ரயில் விபத்தில் இறந்தால் இரட்டிப்புப் பணம். கதையின் முடிச்சை நான் இங்கே அவிழ்க்கப்போகிறேன். 80 ஆண்டு பழைய படம் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் தொடங்கும்போதே அந்த ஏஜென்ட், தோளில் குண்டுக் காயத்தோடு, நள்ளிரவில் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து, ஒலிப்பதிவுக் கருவியில் வாக்குமூலம் சொல்கிறான். கொன்றது நான்தான், பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும், இரண்டுமே கிடைக்கவில்லை என்கிறான். யார் கொன்றது என்ற கேள்வியை வைல்டர் முதல் சில நிமிடங்களிலேயே தூக்கி எறிந்துவிடுகிறார். நீங்கள் 110 பக்கம் பத்திரமாகப் பாதுகாத்த பொருளை அவர் வாசலிலேயே கொடுத்துவிடுகிறார். மீதிப் படத்தில் நாம் என்ன பார்க்கிறோம்? ஒருவரையொருவர் தொடாமல் இருக்க முடியாத இருவர், ஒருவரையொருவர் நம்ப முடியாதவர்களாக மாறுவதை.

அதில் மளிகைக் கடைக் காட்சி ஒன்று உண்டு. கொலைக்குப் பிறகு அவர்கள் வெளிப்படையாகச் சந்திக்க முடியாது. அடுக்கி வைத்த டப்பாக்களுக்கு நடுவே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பொருள் தேடுவதுபோல நின்றுகொண்டு பேசுகிறார்கள். அவன் பின்வாங்கப் பார்க்கிறான். அவள் விடவில்லை, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவனை ஒரு பார்வை பார்க்கிறாள். துப்பாக்கி கிடையாது, சத்தம் கிடையாது. சுற்றிலும் குழந்தைக்குப் பால்மாவு வாங்குகிறவர்கள். முதல் முறை பார்த்தபோது என் உள்ளங்கை வியர்த்தது. கொலைக் காட்சியில் வியர்க்கவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். உடலைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டுக் காரில் ஏறுகிறார்கள். கார் கிளம்ப மறுக்கிறது. அந்தச் சில நொடிகளில், கிளம்பிவிடு, கிளம்பிவிடு என்று நாமும் மனத்துக்குள் தள்ளுகிறோம். கொலைகாரர்கள் தப்பிக்க வேண்டும் என்று நம்மையே வேண்டவைத்துவிட்டார் அந்த மனிதர். உங்கள் கதையில் பார்வையாளன் இன்ஸ்பெக்டரின் தோளுக்குப் பின்னால் பாதுகாப்பாக நிற்கிறான். அவனை அங்கிருந்து இழுத்து அந்தக் காரில் உட்காரவைக்க வேண்டும்.

இப்போது என் தொழில் பக்கம் வருகிறேன். அந்தப் படத்தில் கீஸ் என்று ஒரு க்ளெய்ம் அதிகாரி வருகிறார். என் வாழ்நாளில் திரையில் பார்த்த எல்லாப் பாத்திரங்களிலும் எனக்கு மிக நெருக்கமானவர் அவர்தான். கொலை என்று அவர் மோப்பம் பிடிப்பது ரத்தக் கறையாலோ கைரேகையாலோ அல்ல. இறந்தவனுக்கு ஏற்கெனவே கால் முறிந்திருந்தது. அவனிடம் விபத்துப் பாலிசி இருந்தது. ஆனால் கால் முறிந்ததற்கு அவன் க்ளெய்மே போடவில்லை. ஏன்? பாலிசி இருப்பதே அவனுக்குத் தெரியாது. தம்பி, இந்த ஒரு தர்க்கத்துக்காக நான் அந்தக் கதாசிரியர்களைக் கும்பிடுவேன். எங்கள் வேலையின் சாரமே இதுதான்: காகிதத்தில் இருப்பதை எல்லாரும் படிப்பார்கள், இருக்க வேண்டியது எது இல்லை என்று பார்ப்பவன்தான் க்ளெய்ம்காரன். உங்கள் இன்ஸ்பெக்டர் சி.சி.டி.வி. பார்த்துக் கண்டுபிடிக்கிறார். அது மிகச் சோம்பலான வழி.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், கீஸுக்கும் அந்த ஏஜென்ட்டுக்கும் இடையே இருக்கும் பாசம். பெரியவர் எப்போதும் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு தீப்பெட்டிக்காகப் பையைத் தடவுவார். ஒவ்வொரு முறையும் இளையவன்தான் நகத்தால் தீக்குச்சியைக் கிழித்துப் பற்றவைப்பான். கடைசிக் காட்சியில் அவன் ரத்தம் வடிந்து வாசலில் சரிந்து கிடக்கிறான். சிகரெட்டைப் பற்றவைக்க அவனுக்குக் கையில் வலுவில்லை. பெரியவர் குனிந்து பற்றவைக்கிறார். எதிர் மேசையிலேயே இருந்தவன் என்பதால்தான் உங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறான் அவன். அதைவிட நெருக்கத்தில் இருந்தாய் என்கிறார் அவர். கணவனுக்குச் செய்த துரோகம் கதையை ஓட்டுகிறது. நண்பனுக்குச் செய்த துரோகம்தான் நம்மை அறுக்கிறது. உங்கள் கதையில் இந்த மூன்றாவது ஆள் இல்லவே இல்லை. உங்கள் காதலனை மனதார நம்பும் ஒருவர் வேண்டும். அண்ணனாக இருக்கலாம், முதலாளியாக இருக்கலாம், அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரியாக இருக்கலாம்.

இந்தக் கதையின் வேர் ஓர் உண்மைச் சம்பவம். 1927 மார்ச்சில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணும், ஜட் கிரே என்ற உள்ளாடை விற்பனையாளரும் சேர்ந்து அவள் கணவனைக் கொன்றார்கள். கணவன் பெயரில் இரட்டிப்புப் பலன் கொண்ட பாலிசி இருந்தது. திருட்டு நடந்ததுபோல ஜோடித்தார்கள். போலீஸ் விசாரணையில் அது வெகுசீக்கிரம் உடைந்தது. அதன்பிறகு நடந்ததுதான் முக்கியம். நீதிமன்றத்தில் இருவரும் ஒருவர்மீது ஒருவர் பழிபோட்டார்கள். அவள்தான் தூண்டினாள் என்று அவனும், அவன்தான் செய்தான் என்று அவளும். 1928 ஜனவரி 12-ஆம் தேதி ஒரே சிறையில், ஒரே இரவில், இருவரும் மின்சார நாற்காலியில் இறந்தார்கள். நியூயார்க்கில் பத்திரிகையாளராக இருந்த ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதிய குறுநாவலிலிருந்துதான் வைல்டரின் படம் வந்தது.

ஏன் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தார்கள்? கெட்டவர்கள் என்பதாலா? நான் அப்படி நினைக்கவில்லை. சேர்ந்து கொலை செய்த இருவரில் ஒவ்வொருவரும் மற்றவருக்கு எதிரான ஒரே நேரடிச் சாட்சி. நேற்றுவரை உயிராக இருந்த முகம், இன்று கூண்டில் ஏறிப் பேசக்கூடிய வாய். இந்த மாற்றம் ஒரே இரவில் நடந்துவிடுகிறது, காதல் குறையாமலே. காதல் போய்விட்டால் பிரிந்துவிடலாம். காதலும் இருந்து பயமும் இருந்தால் எங்கே போவது?

நம் நாட்டுச் சட்டம் இதை இன்னும் கூர்மையாக்கித் தந்திருக்கிறது. நீங்கள் அதைப் பயன்படுத்தவே இல்லை. குற்றத்தில் பங்குபெற்ற ஒருவர் உண்மை முழுவதையும் சொல்ல முன்வந்தால், நீதிமன்றம் அவருக்கு மன்னிப்பு வழங்கி அப்ரூவர் ஆக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 306-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் 343. அதோடு இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் 25-ஆம் பிரிவைச் சேர்த்துப் படியுங்கள்: கொலை செய்தவரும் அதற்குத் துணைபோனவரும் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. இந்த இரண்டையும் உங்கள் இருவர்மீது வைத்துப் பாருங்கள். அவள் வாயைத் திறந்தால், மன்னிப்பே கிடைத்தாலும், கணவன் வீடு போய்விடும். அவன் வாயைத் திறந்தால் அவனுக்கு இழக்க எதுவுமில்லை. அந்த வீட்டில் அவன் பெயர் எங்கேயும் கிடையாது. ஆக, ஒரே குற்றம் செய்த இருவரில் ஒருவருக்கு மட்டும் வெளியேற ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவு இருப்பது அவளுக்கும் தெரியும். இனி அவன் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் அவள் என்ன நினைப்பாள்? உங்கள் இரண்டாம் பாதி முழுவதும் இதிலேயே இருக்கிறது.

காதல், கொலை, துரோகம் மூன்றும் இருந்தாலே நுவார் ஆகிவிடாது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1959 ஏப்ரல் 27 அன்று கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியோடு உறவு வைத்திருந்த பிரேம் அகுஜாவைச் சுட்டுக் கொன்றார். ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்று அவர் குற்றவாளி அல்ல என்றார்கள். உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை விதித்தது. 1961-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 1964-இல் மன்னிப்புக் கிடைத்தது. பலமுறை சினிமாவாக வந்துவிட்ட வழக்கு. ஆனால் அவர் சுட்டுவிட்டு நேராகப் போய்ப் போலீஸில் சரணடைந்தார். அதனால் அது மானக் கதையாகவும் நீதிமன்றக் கதையாகவும் ஆயிற்று. அதில் நுவார் இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: மனைவியையும் பிள்ளைகளையும் மெட்ரோ தியேட்டரில் படம் பார்க்க இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு அவர் காரில் தனியாகப் போன அந்த நேரம். முகத்தில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக ஒரு மனிதன் இருந்த நேரம்.

தமிழில் பார்க்க வேண்டுமானால் 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' இருக்கிறது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. சிவாஜி கணேசன் படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார். கதை நடப்பது சென்னைமீது ஜப்பானியக் குண்டு விழுந்த 1943-ஆம் ஆண்டு. சந்தேகத்துக்கு ஆளான ஒவ்வொருவரும் சொல்லும் கதையில் அந்த மனிதன் வேறு வேறு ஆளாகத் தெரிகிறான். அது வெளித்தோற்றத்தில் துப்பறியும் படம்தான். ஆனால் அதன் அடியில் இருப்பது, தான் உயிராக நேசித்தவன் நாட்டைக் காட்டிக்கொடுப்பவன் என்று ஒரு மனைவி அறிந்துகொள்ளும் வேதனை. பண்டரிபாயின் முகத்தை அதற்காகவே மறுபடி பாருங்கள். அவள் காதல் கடைசிவரை பொய்யாகவில்லை. அதனால்தான் அந்தத் துப்பாக்கிக் குண்டுக்குக் கனம் இருக்கிறது.

இங்கே உங்கள் கதாநாயகியைப் பற்றி ஒரு வார்த்தை. அவளைப் பாம்பாகவே எழுதியிருக்கிறீர்கள். முதல் காட்சியிலேயே சிவப்புப் புடவை, நாக்கில் விஷம். பழைய அமெரிக்கப் படங்கள் பலவற்றிலும் இந்தக் கோளாறு உண்டு. அவற்றின் பலவீனத்தைக் கடன் வாங்க வேண்டாம். அவளுக்கு அந்த வீட்டில் என்ன மூச்சு முட்டுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பத்துக்குப் பத்து அறையில் மாமியார், கணவன், இரண்டு பிள்ளைகள், மேலே மாடியில் இயங்கும் தையல் எந்திரங்கள். அவள் தன் வாழ்நாளில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்தது எத்தனை மணி நேரம்? இதை எழுதினால் அவள் செய்வதை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் கூடவே போவேன்.

பணக் காரணத்தையும் மாற்றுங்கள். பாலிசி எடுத்த மூன்று ஆண்டுக்குள் மரணம் வந்தால் அந்த ஃபைல் சாதாரணமாகப் போகாது, விசாரணைக்குப் போகும். மூன்று ஆண்டு கடந்தால், பாலிசி எடுக்கும்போது தவறான தகவல் கொடுத்தார்கள் என்றுகூட நிறுவனம் பிரச்சினை கிளப்ப முடியாது; காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 2015 திருத்தத்துக்குப் பிறகு அப்படித்தான் இருக்கிறது. கொலை அதில் அடங்காது என்பது வேறு. என் மேசைக்கு வந்த விசாரணை ஃபைல்களில் பெரும்பாலானவை மறைக்கப்பட்ட சர்க்கரை நோயும் இதய நோயும்தான். நீங்கள் இன்சூரன்ஸையே வைத்துக்கொள்ள விரும்பினால், விவரம் தெரிந்த அந்தக் காதலன் மூன்று ஆண்டு காத்திருப்போம் என்று சொல்லட்டும். ஆயிரம் இரவுகள் கணவனுக்குச் சோறு போட்டுக்கொண்டு காத்திருக்கும் ஒருத்தி, மூன்றாவது ஆண்டு முடிவில் அதே ஆளாக இருப்பாளா? அந்தக் கணவன் நடுவில் ஒருநாள் அவளிடம் அன்பாக நடந்துகொண்டுவிட்டால்?

ஆனால் தாராவியில் இன்சூரன்ஸைவிட வலிமையான காகிதம் ஒன்று இருக்கிறது, உங்களுக்கே தெரியும். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர் என்று நிரூபித்தால் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 350 சதுர அடி வீடு. எத்தனை வீட்டில் பழைய ரேஷன் கார்டையும் மின்கட்டண ரசீதையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அமெரிக்கக் கதைக்குப் பாலிசி என்றால், உங்கள் கதைக்கு அந்த உறை.

ரயிலைப் பற்றி. ஓடும் ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து மெதுவாகப் போகும்போது விழுந்து ஒருவன் சாவானா என்பதுதான் வைல்டர் படத்தில் சந்தேகத்தின் தொடக்கம். நம் ஊரில் அந்தச் சந்தேகம் எழாது. குர்லாவில் வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவன் விழுந்தால் ரயில்வே போலீஸ் வந்து பஞ்சநாமா, அதாவது சாட்சிகள் முன்னால் சம்பவ இடக் குறிப்பு, எழுதும், விபத்து மரணம் என்று பதிவாகும். அதனால் இங்கே கேள்வி வேறு மாதிரி வர வேண்டும். ரயில் விபத்தில் இறந்த பயணிக்கு ரயில்வே தீர்ப்பாயம் வழியாக 8 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. அவர் உரிய டிக்கெட்டோ பாஸோ வைத்திருந்த பயணி என்று காட்ட வேண்டும். உங்கள் கணவன் பாத்திரம் தினமும் சீசன் பாஸில் போகிறவன். அன்று அவன் சட்டைப் பையில் பாஸும் இருக்கிறது, புதிதாக வாங்கிய ஒரு டிக்கெட்டும் இருக்கிறது. பாஸ் வைத்திருப்பவன் ஏன் டிக்கெட் வாங்குவான்? வாங்கி வைத்தது யார்? பாஸ் இருப்பது தெரியாத ஒருவன். கீஸ் இருந்தால் இதைப் பிடித்திருப்பார்.

மழை அழகுக்காக வேண்டாம். திட்டத்தைக் கெடுப்பதற்காகப் பெய்யட்டும். சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் வண்டி நின்றுவிடும். 8.40-க்கு தாதரில் இருந்ததாகச் சொல்ல வேண்டியவன் நடுவழியில், தெரிந்த முகங்கள் நிறைந்த பெட்டியில், இரண்டு மணி நேரம் மாட்டிக்கொள்ளட்டும். விளக்குக்கும் அதே விதிதான். வைல்டரின் ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் ஜன்னல் மடிப்புத் திரைகளின் கோடுகளை ஆள்மீது விழவைத்தார். அது லாஸ் ஏஞ்சலிஸ் வீடுகளில் இருந்த பொருள். நம் ஜன்னலில் இருப்பது கிரில், அதில் காயும் துணி, அப்பால் வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்கு. அதை வைத்து நிழல் செய்யுங்கள்.

திரும்பவும் எழுதத் தொடங்கும்போது முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். கொலைக்கு ஒன்பதாவது நாளில் ஆரம்பியுங்கள். இரவு பத்தரை மணி, சி.எஸ்.எம்.டி. நிலையத்திலிருந்து கிளம்பும் வண்டி. பெண்கள் பெட்டிக்கும் பொதுப் பெட்டிக்கும் நடுவே துளைபோட்ட இரும்புத் தடுப்பு இருக்கிறதே, அதன் இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். முதுகோடு முதுகாக நிற்கிறார்கள். மஸ்ஜித் ஸ்டேஷன் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. பைகுல்லாவில் அவள் கேட்கிறாள்: "இன்று ஏன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாய்?" அவன் போகவில்லை. போகவில்லை என்று அவன் சொல்வதை அவள் நம்பினாளா இல்லையா என்பது அவள் சயானில் இறங்கும் விதத்தில் தெரிய வேண்டும். இந்த ஒரு காட்சியை எழுதி அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.